பொட்டலம் கட்டுங்க, பூட்டு போடாதீங்க!

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் காரமாத்தான் எழுதப் போறேன். பொட்டி தட்டுற நண்பர்கள் கோவிச்சுக்காம பின்னூட்டத்துல வந்து சண்டை போடலாம் :)

நம்மாளுங்க பைத்தான்லயும் ஆட்டோஹாட்கீலயும் எத்தனையோ நல்ல கருவிகள் எழுதுறாங்க. எழுத்துரு மாற்றி, தமிழ் விசைப்பலகை, சொல் எண்ணி... எல்லாமே இலவசம். சந்தோஷம்! ஆனா ஸ்கிரிப்டை எக்ஸி ஃபைலா மாத்தி அதை மட்டும் குடுத்துட்டு, மூலநிரலைத் தன்கிட்டயே வச்சுக்கறாங்க. ஏன்னு கேட்டா மூணு பதில் வரும். மூணுமே நிக்காது.

1. "எக்ஸி ஆக்கிட்டா யாரும் நிரலைத் திருட முடியாது."

யாருங்க சொன்னது? பைஇன்ஸ்டாலர் உங்க நிரலை எந்திர மொழிக்கு மாத்துறதே இல்லை. பைத்தான் இன்டர்பிரட்டர், தேவையான லைப்ரரிகள், உங்க நிரலோட பைட்கோட், எல்லாத்தையும் ஒரே பொட்டலமாக் கட்டுது. ஒற்றை ஃபைலாக் கட்டினா, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் தற்காலிக ஃபோல்டர்ல அவிழ்த்து வச்சுட்டுத்தான் ஓட ஆரம்பிக்கும். பத்து வரி ஸ்கிரிப்ட் பல எம்பி ஆகுறதும், திறக்க நேரம் எடுக்குறதும் இதனாலதான். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க இலவசக் கருவியே இருக்கு. பைட்கோடைப் பூட்ட பைஇன்ஸ்டாலர்ல முன்னாடி ஒரு வசதி இருந்துச்சு. 2023ல வந்த 6.0 பதிப்புல அவங்களே அதைத் தூக்கிட்டாங்க. சாவியும் அதே பொட்டலத்துக்குள்ள இருந்தா அது என்ன பூட்டு?

ஆட்டோஹாட்கீ இன்னும் மோசம். ரிசோர்ஸ் ஹேக்கர்ல திறந்தா, நீங்க எழுதின ஸ்கிரிப்ட் அப்படியே கண்ணுல படும். இதை நம்பி உள்ள பாஸ்வேர்டு எழுதி வைக்கிறவங்களை என்னன்னு சொல்றது!

ஆக, தெரிஞ்சவன் எடுத்துக்கறான். தெரியாத நல்லவன்தான் வெளிய நிக்கறான்.

2. "பயனருக்கு எக்ஸி மட்டும் போதும்."

இன்னிக்குப் போதும். நாளைக்கு? 2020ல வந்த பைத்தான் 3.9லேர்ந்து விண்டோஸ் 7ல ஓடாது. அதுல கட்டின எக்ஸியும் அங்க ஓடாது. விண்டோஸ்ல கட்டினது லினக்ஸுக்கு ஆகாது. பழைய 16-பிட் எக்ஸிகளை 64-பிட் விண்டோஸ் தொடுறதே இல்லை. ஸ்கிரிப்ட் கையில இருந்தா அந்தந்த எந்திரத்துல திரும்பக் கட்டிக்கலாம். இல்லைன்னா கருவிக்கு அன்னிக்கே கருமாதி.

சமீபத்துல நண்பர் ஒருத்தர், அவங்க அப்பா எழுதி வச்ச ஊர்க்கதைகளைக் குடுத்தார். எல்லாம் யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருல அடிச்சது. மாத்துறதுக்கு ஒரு எக்ஸி கிடைச்சுது. மாத்தினா, 'ஸ்ரீ' வர்ற இடமெல்லாம் கேள்விக்குறி. 'கொ'வுல ஒற்றைக்கொம்பு தனியா முன்னாடி நிக்குது. மாற்று அட்டவணையில ஒரு வரி, வரிசை மாத்துற இடத்துல ஒரு வரி. அவ்வளவுதான் திருத்தணும். எழுதினவருக்கு மெயில் போட்டா, அப்படி ஒரு முகவரியே இல்லைன்னு திரும்பி வந்துடுச்சு. கடைசியில ஒவ்வொரு எழுத்தா ஒப்பிட்டு அட்டவணையை நாங்களே புதுசாப் போட்டோம். மூணு ஞாயித்துக்கிழமை காலி.

சுரதாவோட பொங்குதமிழை நினைச்சுப் பாருங்க. உலாவியில திறக்குற சாதாரணப் பக்கம். சேமிச்சு வச்சுக்கலாம், உள்ள எப்படி எழுதியிருக்குன்னும் பார்க்கலாம். எத்தனை பேரோட பழைய எழுத்தை அது யுனிகோடுக்குக் கொண்டு வந்துச்சு! அவர் எதையும் பூட்டி வைக்கலையே?

3. "ஆண்டிவைரஸ் கத்தினா கண்டுக்காதீங்க, ஆஃப் பண்ணிட்டு நிறுவுங்க."

இதுதான் எனக்கு ரத்தக் கொதிப்பை ஏத்துற பதில். வைரஸ் எழுதுறவனும் இதே கருவியிலதான் பொட்டலம் கட்டுறான். அதனால உங்க நல்ல ஃபைலையும் சேர்த்து ஆண்டிவைரஸ் சந்தேகப்படுது. உங்க மேல தப்பில்லைதான். ஆனா 'ஆஃப் பண்ணுங்க'ன்னு நீங்க பழக்கி விட்ட மனுஷன், நாளைக்கு நிஜத் திருடன் வந்தாலும் ஆஃப் பண்ணுவாரே! ஸ்கிரிப்டையும் கூட வச்சா, சந்தேகப்படுறவர் படிச்சுப் பார்க்கலாம், தானே கட்டிக்கலாம்.

எக்ஸியே வேண்டாம்னு நான் சொல்லலை. அச்சகத்துல வேலை பாக்குறவரை உட்கார வச்சு 'முதல்ல பைத்தான் நிறுவுங்க'ன்னு சொல்றது அராஜகம். அவருக்கு இரட்டைச் சொடுக்குல ஓடணும். அதுக்கு எக்ஸி அருமையான வழி. கட்டுங்க, குடுங்க. பக்கத்துலயே ஸ்கிரிப்டையும், எந்தப் பதிப்புல கட்டினீங்கன்னு ரெண்டு வரியும் போடுங்க. கூடுதலா ரெண்டு நிமிஷ வேலை.

விக்கிற சரக்குன்னா உங்க இஷ்டம். தமிழுக்குச் சேவைன்னு பேர் போட்டுக் குடுக்குற கருவிக்கு மட்டும்தான் இந்தச் சண்டை. சேவைன்னா, நீங்க ஒதுங்கின பிறகும் அது ஓடணும்ல?

டிஸ்கி: 'சியா மாத்திக் கம்பைல் பண்ற நுயிட்கா இருக்கே'ன்னு கேட்கப் போறவங்களுக்கு: இருக்கு, பிரிக்கிறது கஷ்டம்தான். அப்போ நிரல் தொலைஞ்சா மீட்கறதும் கஷ்டம். என் கட்சிக்குத்தான் பலம் :)