பெயின்ற் கலக்கும் ட்றில்லும் வீட்டுக்காரரின் பொறுப்பும்

1990 யூன் மாதத்தின் பின் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. பெயின்ற் என்பதே அன்று ஆடம்பரம். அநேக வீடுகளுக்குச் சுண்ணாம்புதான். வாளியைப் பூவரசந் தடியால் கிண்டினார்கள். கை உளைந்ததே தவிர வேறு ஆபத்து இருக்கவில்லை.

இன்று தடியின் இடத்தில் ட்றில் வந்துவிட்டது. சுவரில் துளையிடும் ட்றில்லின் வாயில் வளைத்த கம்பியொன்றை மாட்டி வாளிக்குள் இறக்குகிறார்கள். பெயின்ற் கலப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவிக்கு இரண்டு கைபிடிகள் உண்டு. அது நிமிடத்திற்குச் சில நூறு சுற்றுகளே சுற்றும். சாதாரண ட்றில்லோ 2,500 சுற்றுக்கு மேலும் போகும். கம்பி வாளியில் இடறினால் ட்றில்லே திரும்பி மணிக்கட்டை முறுக்கிவிடும்.

கடந்த வருடம் எங்கள் அயலில் நடந்தது இதுதான். வெளிநாட்டு உறவினர் வந்திறங்குமுன் வேலை முடிய வேண்டுமென்ற அவசரம். விரல் நோகாதிருக்க ட்றில்லின் பக்கத்திலுள்ள பூட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு அந்த இளைஞர் கலக்கினார். சாரத்தின் தொங்கல் கம்பியில் சுற்றிக்கொண்டது. கையை விட்ட பின்னரும் ட்றில் நிற்கவில்லை. வீட்டுப் பிள்ளை ஓடிப்போய் வயரைப் பிடுங்கினான். மணிக்கட்டு முறிந்து இரண்டு மாதம் வேலையில்லை. "கவனமில்லாத பொடியன்" என்றது ஊர்.

இத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வயர் எங்கிருந்து வந்தது? கருவியில் சதுரக்கால் பிளக், சுவரில் பழைய உருளைக்கால் துளை. பிளக்கை வெட்டி, வயர் நுனிகளை நெருப்புக்குச்சியால் செருகுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். ஈர நிலத்தில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு இப்படித்தான் மின்சாரம் கொடுக்கிறோம். 30 மில்லிஅம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிப் சுவிற்ச் வீட்டில் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

எனாமல் பெயின்றுக்குத் தின்னர் விடும்போது ஆபத்து வேறுவிதமானது. ட்றில் மோட்டருக்குள் தீப்பொறி பறப்பதை அதன் காற்றுத் துவாரங்களூடாகக் காணலாம். தின்னர் ஆவி காற்றிலும் பாரமானது. மூடிய அறையில் நிலத்தோடு தேங்கி நிற்கும். அதற்குத் திறந்த முற்றமும் பழைய தடியுமே போதும். கழுவிய தின்னரைக் கிணற்றடியில் ஊற்றவும் கூடாது; சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் அது நம் குடிநீருக்கே போய்ச்சேரும்.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு வேண்டுமென்கிறது. நாட்கூலிக்கு ஆள் பிடித்த வீட்டு முற்றத்தில் அதைப் பார்க்க எந்தப் பரிசோதகரும் வருவதில்லை. ஆகவே மின்சாரம் கொடுப்பவரே அங்கு பொறுப்பாளி. சரியான பிளக் இல்லாத கருவிக்கு மின்சாரம் தரமாட்டேன் என்று அவர் சொல்லட்டும். பூட்டுப் பொத்தானை அழுத்தவும் விடக்கூடாது. கம்பியைப் பெயின்றுக்குள் இறக்கிய பின்பே இயக்க வேண்டும், நின்ற பின்பே தூக்க வேண்டும். சாரத்தை மடித்துக் கட்டச் சொல்வதற்கு வெட்கம் எதற்கு?

நாட்கூலிக்காரர் ஒவ்வொருவரும் நல்ல கலக்கி வாங்குவது இயலாத காரியம் என்பது உண்மை. ஆனால் நம் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் கதிரையும் கிடாரமும் வாடகைக்குக் கொடுக்கின்றனவே. அவற்றோடு இரண்டு கைபிடியுள்ள கலக்கியொன்றையும், ரிப் சுவிற்ச் பொருத்திய நீள வயரொன்றையும் வாங்கி வைக்கலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை யாராவது பிரேரிப்பார்களா?