மண்ணைப் பல்லென்று சொன்ன பண்டிதர்

“சயன்ஸ்காரர்கள் இன்றைக்கு ஒன்று சொல்லுவார்கள், நாளைக்கு அதையே மாற்றிச் சொல்லுவார்கள், நம் முன்னோர் வாக்கோ ஒரு நாளும் மாறாது” என்று சிலர் ஊருக்கு ஊர் பெருமை பேசித் திரிகிறார்கள். இவர்களுக்கு ஒரு பழைய மண்டை ஓட்டின் சங்கதியைச் சொல்ல ஆசைப்படுகிறோம்.

ஜெர்மனி தேசத்து வூர்ட்டம்பர்க் நாட்டில் பாறைக்குள் அகப்பட்ட தாடைத் துண்டுகளை யேகர் என்னும் பண்டிதர் 1828ம் வருஷத்தில் பரிசோதித்தார். தாடையில் மொட்டை மொட்டையாக நின்றவைகளைப் பற்கள் என்று எண்ணி, இது இலை தழை தின்ற பிராணி என்று முடிவு கட்டி, “பைட்டோசாரஸ்”, அதாவது செடிப் பல்லி என்று பெயரும் வைத்துவிட்டார். உண்மை என்னவென்றால், பற்கள் எப்போதோ உதிர்ந்துபோய், அவை இருந்த குழிகளில் சேறு புகுந்து கல்லாய் இறுகிப் போயிருந்தது. அந்தச் சேற்றைத்தான் பல் என்றார்! பிறகு அந்த வர்க்கத்தின் முழு மண்டைகளே கிடைத்தன. நீண்ட மூஞ்சியும் கூரிய பற்களுமாக, மாமிசம் தின்னும் பிராணி என்பது வெட்டவெளிச்சமாயிற்று. வர்க்கத்துக்குப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆனால் அது பிசகான பெயர் என்பதைச் சேர்த்தேதான் மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அப்படியானால் அது முதலைதானே என்று கேட்கலாம். பார்வைக்கு முதலைதான். ஆனால் முதலைக்கு மூக்குத் துவாரம் மூஞ்சியின் நுனியில் இருக்கிறது. இதற்கோ வெகுதூரம் பின்தள்ளிக் கண்ணின் பக்கமாக இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் ஜன்னல் போன்ற ஓர் ஓட்டையும் இதன் மண்டையில் உண்டு. இக்காலத்து முதலைக்கு அது அடைபட்டுப் போயிற்று. வேஷம் ஒன்று, வமிசம் வேறு. இது 20 கோடி வருஷங்களுக்கு முன்னமேயே பூண்டற்றுப் போய்விட்டது.

நிற்க, இது சீமைச் சங்கதி மாத்திரமல்ல. தெலுங்கானாவில், கோதாவரிப் பள்ளத்தாக்கின் மலேரிப் பாறைகளில் கிடைத்த இதே வர்க்கத்துப் பிராணிக்கு 1885ல் லிடெக்கர் என்பவர் “பாராசூக்கஸ் ஹிஸ்லாபி” என்று பெயரிட்டார். அவர் ஆதாரமாகக் கொண்ட துண்டுகளில் வேறொரு பிராணியின் எலும்பும் கலந்திருந்தது. அப்பக்கத்தில் அகப்பட்ட முழு எலும்புக்கூடுகளைச் சங்கர் சாட்டர்ஜி 1978ல் விவரித்து எழுதினார். பெரியவர் வைத்த அத்தாட்சியாயிற்றே என்று யாரும் அந்தத் துண்டுகளைக் கும்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. பிராணிகளின் பெயர்களுக்கென்றே உள்ள சர்வதேசக் கமிஷன் 2003ல் அவைகளைத் தள்ளிவிட்டு, முழு எலும்புக்கூட்டையே இனி அத்தாட்சியாகக் கொள்ள வேண்டும் என்று தீர்ப்புச் செய்தது.

தங்கள் ஏட்டில் ஒரு வரியையாவது இப்படிப் பரிசோதித்துத் தப்பு என்று தள்ளிய சபை ஒன்று உண்டானால், அதன் பெயரையும் வருஷத்தையும் பெருமைக்காரர்கள் எழுதியனுப்பட்டும். பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.