டேர்போவைத் திட்ட முதல் சேர்விஸ் பில்லைக் கேளுங்கள்

"டேர்போ எண்டா தொடாத தம்பி. அறுபதாயிரம் ஓடின உடன ஊதிடும்." பழைய வாகனம் வாங்கப் போகிற எந்த வீட்டிலும் இந்த வசனத்தைச் சொல்ல ஒரு சித்தப்பா இருப்பார். அவர் டேர்போ வாகனம் வைத்திருந்திருக்க மாட்டார். வைத்திருந்தவரோடு கதைத்த ஒருவரோடு கதைத்திருப்பார். ஆனாலும் அதுதான் தீர்ப்பு. காணி வித்த காசும், அடைவு வைத்த நகையும், ஐந்து வருஷ லீசிங்கும் அந்த ஒரு வசனத்தில் தொங்கும்.

டேர்போவுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. "டேர்போவா, இல்லையா?" என்ற கேள்வியே பிழை என்கிறேன். அந்தக் கேள்வி வாங்குகிறவரைக் காப்பாற்றுவதில்லை. விற்கிறவரைத்தான் காப்பாற்றுகிறது.

எங்கள் றோட்டில் ஏன் இவ்வளவு சின்ன டேர்போ இஞ்சின்கள்? இலங்கையில் பெற்றோல் காருக்கான வரி இஞ்சினின் கன அளவைப் பார்த்து ஏறுகிறது. 1,000 சிசிக்குள் நின்றால் ஒரு கணக்கு, தாண்டினால் இன்னொரு கணக்கு. டொயோட்டா ரைஸின் டேர்போ இஞ்சின் 996 சிசி, மூன்று சிலிண்டர், 98 குதிரைவலு. ஹொண்டா சிவிக்கின் ஒரு லீற்றர் டேர்போ 988 சிசி. சிசி குறைவு, இழுவை காணும், வரியும் குறைவு. ஆகவே குட்டி ஜீப் ஒன்று தேடுகிற குடும்பம் டேர்போவைத் தானாக விரும்பித் தெரிவுசெய்யவில்லை. வரி அட்டவணை ஏற்கனவே தெரிவுசெய்து வைத்துவிட்டது. அப்படி இருக்க, "டேர்போ வேண்டாம்" என்பது அறிவுரையே இல்லை. சந்தையில் இருக்கிறதில் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடச் சொல்வதுதான் அது.

சரி, டேர்போ என்னதான் செய்கிறது? இஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளும். அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெய் பழசானால், குறைந்தால், அழுக்கானால் அந்தப் படலம் போய்விடும். பிறகு உலோகத்தோடு உலோகம் உரசும். "டேர்போ போச்சு" என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு உண்மையில் "எண்ணெய் மாற்றவில்லை" என்பதுதான். கொலை செய்தது ஒருவர், பழி இன்னொருவருக்கு.

இது இரகசியமும் இல்லை. ஜப்பானில் டொயோட்டா தன் சாதாரண பெற்றோல் இஞ்சினுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருஷம் என்றும், டேர்போ பெற்றோல் இஞ்சினுக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம் என்றும் எண்ணெய் மாற்றும் கணக்கைப் பொதுவாகச் சொல்லுகிறது. மூன்றில் ஒரு பங்கு தூரம். செய்தவனே சொல்லிவிட்டான். அதைக் கேட்காமல் ஓடிவிட்டு, கடைசியில் இஞ்சினைத் திட்டுவது என்ன நியாயம்?

மறுபக்கத்தையும் பாருங்கள். எங்கள் ஊரில் குட்டி ஜீப் என்றதும் முதலில் வாயில் வருவது ஹொண்டா வெஸல் ஹைப்ரிட். 1,496 சிசி. டேர்போ இல்லை. அதை வாங்கப் போகிறவர்கள் பயத்தோடு விசாரிப்பது இரட்டைக் கிளச் கியர்பெட்டியைப் பற்றி. அந்தக் கியர்பெட்டி முறைமைக்காக 2014இலேயே ஹொண்டா ஜப்பானில் வாகனங்களை மீள அழைத்தது. "டேர்போ இல்லை, ஆகவே பயமில்லை" என்று வெஸல் வாங்கினவர் தப்பான கதவுக்குப் பூட்டுப் போட்டவர்.

பெஜோவின் 1.2 பியூர்டெக் இஞ்சினும் அப்படித்தான். அதன் பெயர் கெட்டது எண்ணெய்க்குள் ஓடுகிற டைமிங் பெல்டால். பெல்ட் கரைந்து, துணுக்குகள் எண்ணெய் உறிஞ்சும் வடியை அடைத்து, இஞ்சின் எண்ணெய் இல்லாமல் தவித்தது. கடைசியில் 2024இல் கொம்பனி ஐரோப்பாவில் உத்தரவாதத்தைப் பத்து வருஷம் அல்லது 1,75,000 கிலோமீற்றர் என்று நீட்ட வேண்டிவந்தது. அதே பெல்ட் டேர்போ இல்லாத 1.2 இலும் இருந்தது. அதற்கும் டேர்போதான் குற்றவாளியா?

இன்னொரு பயம் இணையத்தால் வருவது. ஹொண்டாவின் 1.5 டேர்போவில் பெற்றோல் எண்ணெயோடு கலக்கிறது என்ற முறைப்பாடு 2018 அளவில் சீனாவிலும் வட அமெரிக்காவிலும் பெரிதாக எழுந்தது. குளிர்காலத்தில், இஞ்சின் சூடாக முதலே நின்றுவிடும் குறுகிய ஓட்டங்களில் அது மோசமாகும். கிளிநொச்சி வெயிலில் ஓடுகிற வாகனத்துக்கு அதே பயத்தை அப்படியே பூட்ட முடியுமா? எங்கள் பிரச்சினை வேறு: வெயில், புழுதி, தூர ஓட்டம். ஏ9 வீதியில் நூறில் வந்து முறிகண்டியில் தேங்காய் உடைக்க நிற்பாட்டுகிறோம். நிறுத்தின கையோடு திறப்பைத் திருகாமல், கடைசி ஒன்றிரண்டு கிலோமீற்றரை மெதுவாக ஓடி வந்தால் டேர்போவுக்குள் எண்ணெய் கருகாது. இதற்குக் காசு தேவையில்லை. பிள்ளையாரைக் கும்பிடுகிற பொறுமையே காணும்.

எதிர்த்தரப்பில் ஒரு நேர்மையான வாதம் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். டேர்போ என்றால் பாகம் கூட, சூடு கூட, பழுதாகக்கூடிய இடமும் கூட. கொழும்புக்கு வெளியே ஸ்கானர் வைத்துப் பார்க்கிற கராஜும் குறைவு. ஒரே வாகனத்தைப் பதினைந்து வருஷம் வைத்திருக்கிற, சேர்விஸுக்கு அடிக்கடி காசு ஒதுக்க ஏலாத குடும்பத்துக்கு டேர்போ இல்லாத எளிய இஞ்சின்தான் நல்லது. இதில் எனக்கு மறுப்பில்லை. ஐயாயிரத்துக்கு ஒருக்கா எண்ணெய் மாற்ற மனமில்லாதவர் டேர்போ வாங்கவே கூடாது. ஆனால் இது இஞ்சினைப் பற்றிய பேச்சு இல்லை, வாங்குகிறவரின் ஒழுங்கைப் பற்றியது. பழைய வாகனத்தில் முந்தின சொந்தக்காரரின் ஒழுங்கையும் சேர்த்துத்தான் நாங்கள் விலைக்கு வாங்குகிறோம்.

அந்த முந்தின சொந்தக்காரர் எந்தக் காலத்தில் ஓடினார் என்றும் யோசியுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் பழைய வாகனங்கள் வாங்கின விலையைவிடக் கூட விலைக்குக் கைமாறின. 2022இல் பெற்றோல் வரிசை, பிறகு கியூஆர், காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர். கனக்க வாகனங்கள் முற்றத்தில் நின்றன. மீற்றர் ஏறவில்லை, ஆனால் எண்ணெய்க்கு வயது ஏறியது. "குறைய ஓடினது" என்று பெருமையாகச் சொல்லப்படுகிற வாகனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 2022இல் நீ எத்தனை தரம் எண்ணெய் மாற்றினாய்?

கலைப்பீடத்தில் வரலாறு படிக்க வருகிறவருக்கு முதலில் சொல்லித் தருவது, கதையை நம்பாதே, மூலாதாரத்தைக் கேள் என்று. வாகனத்துக்கு மூலாதாரம் சேர்விஸ் பில். திகதி, கிலோமீற்றர், போட்ட எண்ணெயின் வகை மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஜப்பானிலிருந்து பழசாக வந்தது என்றால் ஏல அறிக்கையைக் கேளுங்கள். பார்க்கப் போகிற நேரம் பொனட் ஏற்கனவே சூடாக இருந்தால் திரும்பி வாருங்கள், குளிர்ந்த இஞ்சின் ஸ்ரார்ட் ஆகும் சத்தத்தை உங்களுக்குக் கேட்கவிடவில்லை. எண்ணெய் மூடியைக் கழற்றி உள்ளே கரும்பசை இருக்கிறதா பாருங்கள். கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுப் பிறகு அக்சிலேற்றரை மிதித்தால் நீலப் புகை வருகிறதா, விசில் மாதிரிச் சத்தம் ஏறுகிறதா கவனியுங்கள். புரோக்கர் கூட்டிவருகிற மெக்கானிக் வேண்டாம், உங்கள் காசில் உங்கள் ஆளைக் கூட்டிப் போங்கள்.

"இதெல்லாம் பொம்பிளைப் பிள்ளையளுக்கு விளங்காது" என்று சொல்லுகிற வாய்களுக்கும் ஒரு வார்த்தை. பில்லை வாசிக்க மீசை தேவையில்லை.

ஆனால் தனியாள் கவனத்தால் மட்டும் இது தீராது. இங்கிலாந்தில் ஒரு வாகனத்தின் நம்பர் தட்டை வைத்து அதன் வருஷாந்தப் பரிசோதனை வரலாற்றை, மீற்றர் கணக்கு உட்பட, யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இங்கேயும் வருஷா வருஷம் புகைப் பரிசோதனைக்குப் போகாமல் வரிப்பத்திரம் எடுக்க ஏலாது. அந்த நாளின் மீற்றர் கணக்கை வாங்க வருகிறவர் பார்க்கும் பொதுப் பதிவாக்குவதற்கு என்ன தடை? சிசியை ஒரு எண் விடாமல் அளந்து வரி எடுக்கத் தெரிந்த அரசுக்கு, அதே வாகனத்தின் கிலோமீற்றரை வெளியிடவும் தெரிய வேண்டும். அது வரும் வரைக்கும், பில் காட்டாதவரிடம் பேரம் பேசாதீர்கள். டேர்போ இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, எழும்பி வாருங்கள்.