மர்ம நாவலும் வாசிப்புத்தான்

இரண்டாம் தவணை விடுமுறை வரப்போகிறது. கச்சான் காற்று வீசுகிற காலம். கிளிவெட்டிப் பக்கம் வயல்களில் சிறுபோக வேளாண்மை வெட்டு நடக்கும். பகல் பத்து மணிக்குப் பிறகு வெளியே தலைகாட்ட முடியாது. வீட்டுக்குள் இருந்து என்ன வாசிக்கலாம் என்று பெரியவர்களைக் கேட்டால் "பயனுள்ளதை வாசியுங்கள்" என்பார்கள். அந்தப் பயனுள்ள பட்டியலில் மர்ம நாவலை நான் ஒருநாளும் கண்டதில்லை. கொலை, களவு, துப்பறிதல் என்றாலே பிள்ளை கெட்டுப்போகும், அதுவும் உயர்தரம் படிக்கிற பெண்பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம் என்பது அவர்களுடைய முடிவு.

எனக்கு இதில் உடன்பாடில்லை. சூறா யூசுபை நினைத்துப் பாருங்கள். சகோதரர்கள் பொய் இரத்தம் தோய்ந்த சட்டையைக் கொண்டுவந்து ஓநாய் தின்றுவிட்டது என்கிறார்கள். தந்தை யஃகூப் (அலை) அதை நம்பவில்லை. பின்னர் யூசுப் (அலை) மீது பழி விழுகிறது. அப்போதும் ஒரு சட்டைதான் சாட்சி. முன்னால் கிழிந்திருந்தால் யார் சொல்வது உண்மை, பின்னால் கிழிந்திருந்தால் யார் சொல்வது உண்மை என்று பார்த்துத் தீர்ப்புக்கு வருகிறார்கள். வேதத்தை நாவலோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒருவர் அழுகிறார், ஒருவர் சத்தியம் செய்கிறார் என்பதற்காக நம்பிவிடாமல் தடயத்தைப் பார் என்ற பாடத்தை நாம் சிறுவயதிலேயே ஓதியிருக்கிறோம் என்றுதான் சொல்கிறேன். நல்ல மர்ம நாவல் அந்தப் பழக்கத்தைத்தான் வளர்க்கிறது.

இது வெளியிலிருந்து வந்த பழக்கமும் அல்ல. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் 'அஸன்பே சரித்திரம்' 1885 இல் வெளிவந்தது. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி அறிஞர் சித்திலெப்பை. முஸ்லிம் பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று பாடுபட்ட அதே சித்திலெப்பைதான். மிஸ்ர் நாட்டில் பெரிய குடும்பத்தில் பிறந்த ஒரு குழந்தை களவுபோகிறது, பம்பாயில் வளர்கிறது, தான் யார் என்று தெரியாமலே கல்கத்தா போகிறது. அவனுக்கு அது எப்போது தெரியவரும் என்ற தவிப்புத்தான் நம்மைப் பக்கம் புரட்ட வைக்கிறது. அடுத்து 1891 இல் வந்த 'ஊசோன் பாலந்தை கதை'யும், 1895 இல் வந்த 'மோகனாங்கி'யும் திருகோணமலைக்காரர்கள் எழுதியவை. முன்னதை எழுதியவர் இன்னாசித்தம்பி, பின்னதை எழுதியவர் சரவணமுத்துப்பிள்ளை. முதல் மூன்று நாவல்களில் இரண்டு நம் மாவட்டத்தவருடையவை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? பழைய நடை சற்றுக் கடினம்தான். ஒரு பத்துப் பக்கம் பொறுத்தால் பழகிவிடும்.

இனி, விடுமுறைக்கு நான் சிபாரிசு செய்கிறவை. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' புதியதல்ல, ஆனாலும் இதுவரை வாசிக்காதவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள். நடப்பது பேயின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று வக்கீல்கள் கணேஷும் வசந்தும் குழம்புகிறார்கள். இரவில் வாசிக்காதீர்கள், குறிப்பாக மின்சாரம் போகிற இரவில்.

கணிதப் பிரிவுத் தோழியருக்கு க. சுதாகரின் '6174'. இந்த எண்ணே ஒரு மர்மம். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவதொரு நான்கு இலக்க எண்ணை எடுங்கள். 2024 என்று வைப்போம். இலக்கங்களைப் பெரியதிலிருந்து அடுக்கினால் 4220, சிறியதிலிருந்து அடுக்கினால் 0224. கழித்தால் 3996. அதையும் இப்படியே செய்தால் 6264, பிறகு 4176, பிறகு 6174. அதற்குப் பின் எத்தனை தரம் செய்தாலும் 6174 தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் இங்கே வந்து நின்றுவிடும். இதைக் கண்டுபிடித்த கப்ரேக்கர் மகாராஷ்டிராவில் ஒரு பாடசாலை ஆசிரியர். பாட்டிலும் கணக்கிலும் ஒளிந்திருக்கும் புதிர்களை அவிழ்த்தால்தான் இந்த நாவலில் கதை நகரும்.

ராஜேஷ்குமாரை விட்டுவிட முடியாது. ஆயிரத்துக்கு மேல் எழுதியவர். சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகளைத் தனித்தனியே ஓட்டிக் கடைசியில் முடிச்சுப்போடுவார். பஸ்ஸில் வாசிக்க நல்லது. தொடர்ந்து நான்கை வாசித்தால் முடிச்சு எங்கே விழும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

கொலையானவனே பேசும் இரண்டு நாவல்கள் உண்டு. ஓர்ஹான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு' தமிழில் ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. 1591 ஆம் ஆண்டு இஸ்தான்புல்லில், ஓவியர்களுக்கு இடையே நடக்கும் கொலை. மற்றது நம் நாட்டு ஷெஹான் கருணாதிலக்க ஆங்கிலத்தில் எழுதி 2022 இல் புக்கர் பரிசு பெற்ற நாவல். 1990 இன் கொழும்பு. கொல்லப்பட்ட படப்பிடிப்பாளர் ஒருவருக்குத் தன்னைக் கொன்றவர் யார் என்று கண்டறிய ஏழு நாட்களே இருக்கின்றன. இரண்டிலும் சில பகுதிகள் வயதில் மூத்தவர்களுக்கானவை. அவற்றை இன்னும் இரண்டு வருடம் கழித்து வாசித்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

அந்தக் கொழும்புக் கதை நமக்குப் புதிதல்ல. கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11 ஆம் திகதி பெண்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இருபது வருடங்கள் கழித்து, 2016 இல், அநுராதபுரம் மேல் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு இராணுவத்தினரையும் விடுதலை செய்தது. 2006 ஆகஸ்டில், மூதூர் முஸ்லிம்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்கு ஓடிய அதே நாட்களில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர்கள் 17 பேர் மூதூரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, யார் செய்தது என்று கடைசிப் பக்கத்திலாவது சொல்லிவிடுகிற ஒரு புத்தகத்தைத் தேடி வாசித்தால் அதை நேரத்தை வீணாக்குவது என்று எப்படிச் சொல்வது?

எனக்கு இருக்கிற குறை வேறு. நான் வாசித்த துப்பறியும் கதைகள் சென்னையிலும் பெங்களூரிலும் நடக்கின்றன. நமது துறைமுகத்தில் கதைக்குப் பஞ்சமா? 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. சீனன்குடா எண்ணெய்த் தாங்கியொன்றில் ஒரு விமானம் வந்து மோதியது. அன்று அடிபட்ட 'சகாயிங்' என்ற கப்பல் பிறகு துறைமுகத்திலேயே மூழ்கடிக்கப்பட்டு, 2018 இல் கடற்படைச் சுழியோடிகள் மேலே கொண்டுவரும்வரை கடலுக்கடியில் கிடந்தது. அதற்குள் என்ன இருந்தது, யாருக்கு அது வேண்டியிருந்தது என்று ஒருத்தி கற்பனை செய்யத் தொடங்கினால் போதும், முதல் அத்தியாயம் வந்துவிடும். துப்பறிகிறவள் தோப்பூர்ச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற, வெள்ளை பர்தா போட்ட ஒரு உயர்தர மாணவியாக இருக்கட்டும். அடுத்த இதழில் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.