தன்முனைப்பு உரையும் மறுநாள் காலையும்



கடந்த பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். ஷா ஆலாமில் மின்னணுப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிப் பிரிவு அதிகாரியாக இருக்கிறாள். "டீச்சர், கோலாலம்பூர்ல ரெண்டு நாள் மாநாடு. வேலையிடத்துல கத்துக்கிறது, பயிற்சி குடுக்கிறது பத்தி. எங்க மேலாளருக்கு வர முடியல, அவர் இடம் சும்மா கிடக்குது. நீங்க வாங்களேன்" என்றாள். தொழிற்சாலைக்காரர்கள் கூடும் இடத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு என்ன வேலை என்று முதலில் தயங்கினேன். கற்பித்தல்தானே, எங்கு நடந்தாலும் நம் தொழில்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் நாள் காலை தங்குவிடுதியின் பெரிய மண்டபத்தில் தன்முனைப்புப் பேச்சாளர் ஒருவரின் சிறப்புரை. விளக்குகள் அணைந்தன; முரசு முழங்கியது; அவர் மேடைக்கு ஓடிவந்தார். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பற்றி, 'நீங்கள் ஒரு வெற்றியாளர்' என்று மூன்று முறை கூறச் சொன்னார். நானும் கூறினேன். என் பக்கத்தில் நின்றவர் ஜொகூரிலிருந்து வந்த இரப்பர்க் கையுறைத் தொழிற்சாலை அதிகாரி. அவரும் என்னை வெற்றியாளர் என்று மூன்று முறை உறுதிப்படுத்தினார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அந்தப் பேச்சாளரின் குரல்வளத்தில் பாதி எனக்கு வாய்த்திருந்தால் ஐந்தாம் ஆண்டு வகுப்பின் பின்வரிசை ஒருநாளும் தூங்காது.

பிறகு அவர் கழுகின் கதையைத் தொடங்கினார். நாற்பது வயதில் கழுகின் அலகும் நகங்களும் முதிர்ந்து பயனற்றுப் போகுமாம். அது மலையுச்சிக்குச் சென்று, அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களைப் பிடுங்கி எறிந்து, 150 நாள் வலியைத் தாங்கிப் புதியன முளைத்ததும் மேலும் 30 ஆண்டுகள் வாழுமாம். மண்டபம் கைத்தட்டலால் அதிர்ந்தது. இந்தக் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நம் பள்ளிச் சபைகூடலில் கூடச் சொல்லப்பட்டிருக்கிறது. இதில் ஒரு வரியும் உண்மையன்று. காட்டில் வாழும் பெருங்கழுகுகளின் ஆயுள் பொதுவாக 20 முதல் 30 ஆண்டுகள். அலகும் நகமும் நம் நகத்தைப்போல் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருப்பவை. அலகை உடைத்துக்கொண்ட கழுகால் இரையைக் கிழித்து உண்ண முடியாது. 150 நாளுக்கு வெகு முன்னரே அது பட்டினியால் இறந்துவிடும்.

அடுத்து யேல் பல்கலைக்கழகக் கதை. 1953ஆம் ஆண்டு பட்டம் பெற்றவர்களில் 3 விழுக்காட்டினர் மட்டும் தம் இலக்குகளை எழுதி வைத்திருந்தனராம். இருபது ஆண்டுகள் கழித்து அவர்களின் செல்வம் மற்ற 97 விழுக்காட்டினரின் மொத்தச் செல்வத்தையும் விஞ்சியதாம். 1996இல் அமெரிக்க வணிக இதழ் ஒன்று இதைத் தேடிப்போய், அப்படியோர் ஆய்வு நடக்கவே இல்லை என்று எழுதியது.

மூன்றாவதாகத் திரையில் ஒரு முக்கோணம் வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். படித்ததில் 10 விழுக்காடு, கேட்டதில் 20, பார்த்ததில் 30, செய்ததில் 90 விழுக்காடு நினைவில் நிற்கும் என்னும் முக்கோணம் அது. எட்கர் டேல் 1946இல் தம் நூலில் வரைந்த கூம்பில் எந்த விழுக்காடும் இல்லை. அந்த எண்களைப் பிற்காலத்தில் யாரோ ஒட்டிவிட்டார்கள். நான் தலைகுனிந்த காரணம் வேறு. பயிற்சிக் கழகத்தில் பயின்றபோது அதே விழுக்காடுகளை என் இடுபணியில் எழுதி நல்ல புள்ளிகள் வாங்கியிருக்கிறேன். அதன்பின் பெற்றோர் கூட்டத்திலும் ஒருமுறை பேசியிருக்கிறேன்.

கதைதானே, ஊக்கம் பிறந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நீதிக்கதையில் நரியும் காக்கையும் பேசலாம். அது கதையென்று கேட்கும் குழந்தைக்கும் தெரியும். ஆய்வு என்று பெயர் சூட்டி, ஆண்டும் விழுக்காடும் சேர்த்துச் சொல்லப்படுவது வேறு வகை. கற்பிப்பதைப் பற்றிய மாநாட்டில், கற்பிப்போர் நிறைந்த அவையில் அதை யாரும் தட்டிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உரையின் இறுதியில் கண்களை மூடி, ஐந்தாண்டுக்குப் பிந்திய நம் வெற்றியைக் கற்பனை செய்யச் சொன்னார். இதைப்பற்றி மெய்யான ஆய்வு ஒன்று உண்டு. கேப்ரியல் எட்டிங்கனும் தாமஸ் வாடனும் 1991இல் வெளியிட்டது. உடல் எடையைக் குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களை அவர்கள் ஓராண்டு கவனித்தனர். 'என்னால் முடியும்' என்று எதிர்பார்த்தவர்கள் கூடுதலாக எடை குறைந்தனர். ஆனால் மெலிந்து அழகாகிவிட்டதைப்போல இனிய கனவுகளில் திளைத்தவர்களுக்குக் குறைந்தது சிறிதளவே. நம்பிக்கை வேறு, பகற்கனவு வேறு. மேடையில் இவ்விரண்டும் ஒன்றாகவே விற்கப்படுகின்றன.

தேநீர் இடைவேளையில் மதிப்பீட்டுப் பாரம் கொடுத்தார்கள். உரை எப்படி இருந்தது, பேச்சாளர் எப்படி, உணவு எப்படி? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கெர்க்பாட்ரிக் 1959இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் பயிற்சியை நான்கு நிலைகளில் மதிப்பிடச் சொன்னார். வந்தவர்களுக்குப் பிடித்திருந்ததா, ஏதேனும் கற்றார்களா, வேலைக்குத் திரும்பிய பின் நடத்தை மாறியதா, அதனால் பலன் விளைந்ததா? பயிற்சித் துறையில் இதை அறியாதவர் இருக்க முடியாது. ஆயினும் கையில் கிடைக்கும் பாரங்களில் பெரும்பாலானவை முதல் நிலையோடு நின்றுவிடுகின்றன. பிடித்திருந்ததா என்று கேட்டால் யாருக்குத்தான் பிடிக்காது? வேலைத்தளத்திலிருந்து ஒரு நாள் விடுதலை, குளிர்சாதன அறை, நல்ல சாப்பாடு!

நம் நாட்டில் இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் மாணவி விளக்கினாள். 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், அதற்கு உட்பட்ட துறைகளில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களைக் கொண்ட முதலாளிகள் மாதச் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குச் செலுத்த வேண்டும். பயிற்சிக்கென அதிலிருந்து கோரிப் பெறலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவள் தொழிற்சாலையில் சென்ற ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். ஒரு பிரிவில் பழுதான பொருள்கள் பெருகின. தொழிலாளர்களுக்கு ஈடுபாடு குறைந்துவிட்டது என்று மேலிடம் முடிவு செய்து, பேச்சாளர் ஒருவரை அழைத்து அரைநாள் உரை நடத்தியது. எல்லாரும் கைத்தட்டினார்கள். பழுது குறையவில்லை. அவள் ஒரு வாரம் அப்பிரிவில் போய் நின்று பார்த்திருக்கிறாள். புதிய இயந்திரத்தின் வேலைக்குறிப்பு ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. அங்கு வேலை செய்தவர்களில் பலர் நேப்பாளிகள். மற்றவர்கள் மலாய் மட்டுமே படிக்கத் தெரிந்த நம்மவர்கள். படம் போட்டு, மலாயிலும் நேப்பாளியிலும் எழுதி ஒட்டி, ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று செய்து காட்டிய பிறகு பழுது குறைந்தது. "அவங்களுக்கு ஊக்கம் இல்லாம இல்ல டீச்சர். படிக்கத் தெரியாததக் கேட்க வெட்கப்பட்டாங்க" என்றாள். இவளுக்கு நான்காம் ஆண்டில் வாய்பாடு சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று எனக்கு ஒரு பெருமிதம்.

இரண்டாம் நாள் பிற்பகல் ஒரு சிறிய அறைக்குச் சென்றோம். இருபது பேர்கூட இல்லை. தலைநரைத்த பெரியவர் ஒருவர் கையில் மின்கம்பித் துண்டுகளோடு நின்றார். பல்லாண்டுகள் தொழிற்சாலை மேற்பார்வையாளராக இருந்தவராம். விளக்குக் கம்பி இழுபட்டுக் கழன்றுவிடாமல் போடும் முடிச்சு ஒன்றைச் சொற்களால் மட்டும் விளக்கி, எங்களைப் போடச் சொன்னார். ஒருவருக்கும் வரவில்லை. பிறகு ஒன்றும் பேசாமல் போட்டுக் காட்டினார். அப்போதும் வரவில்லை. மூன்றாம் முறை ஒருவரை அருகழைத்து, படிப்படியாகச் செய்து காட்டி, ஒவ்வொரு படியிலும் எதைக் கவனிக்க வேண்டும், ஏன் என்று சொன்னார். பின் அவரையே செய்யச் சொல்லி, செய்துகொண்டே விளக்கவும் சொன்னார். ஐந்து நிமிடத்தில் முடிச்சு விழுந்தது. எனக்கும் விழுந்தது.

இது புதிய முறையன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் திறனாளர்கள் போர்முனைக்குப் போய்விட, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் முன்பின் பழக்கமில்லாத பெண்களும் மற்றவர்களும் வந்து குவிந்தனர். அவர்களை விரைவில் பழக்குவதற்காக 1940 முதல் 1945 வரை நடந்த அரசுத் திட்டத்தில் உருவானது. கற்பவரை ஆயத்தப்படுத்து, செய்து காட்டு, செய்ய விடு, பிறகும் போய்ப் பார் என்னும் நான்கு படிகள். போருக்குப் பின் ஜப்பானுக்குச் சென்று, டொயோட்டா போன்ற நிறுவனங்களில் வேரூன்றியது. கற்பவர் கற்கவில்லையென்றால் கற்பித்தவரின் குறை என்பது அதன் அடிப்படை. தன்முனைப்பு மேடையில் இது தலைகீழாகிறது. அங்கு நீங்கள் வெற்றி பெறவில்லையென்றால் உங்கள் மனப்பான்மையில்தான் குறை; பேச்சாளர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

இனி நம் பள்ளிக்கு வருகிறேன். இதை எழுத எனக்குத் தயக்கம் உண்டு.

2016ஆம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வுக்குச் சில மாதங்களுக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தன்முனைப்பு முகாம் நடத்தினோம். பொறுப்பாசிரியை நான். பேச்சாளரைத் தேர்ந்தெடுத்ததும் நான். மாலையில் சன்னல்களை மூடி, விளக்கை அணைத்து, சோக இசையை ஒலிக்கவிட்டார். 'நீ வீட்டுக்குப் போகும்போது அம்மா இல்லையென்றால் என்ன செய்வாய்? உனக்காக உழைத்த அம்மாவுக்கு நீ என்ன கொடுத்தாய்?' என்று கேட்டுக்கொண்டே போனார். பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுதார்கள். பிறகு பெற்றோர்கள் வரிசையாக அமர, பாத பூசை. பெற்றோர்களும் அழுதார்கள்.

ஒரு மாணவன் மட்டும் அழவில்லை. அவன் தாயார் ஈராண்டுக்கு முன் இறந்துவிட்டார். தந்தை லாரி ஓட்டுநர். அன்று வர முடியவில்லை. பாட்டிதான் வந்திருந்தார். சிறிது நேரத்தில் அவன் இடம் காலியாக இருந்தது. தேடிப் போனபோது கழிப்பறைக்கு வெளியே குழாயடியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கேட்டான்: "டீச்சர், நான் நல்லாப் படிச்சிருந்தா எங்கம்மா இருந்திருப்பாங்களா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கே சரியாக நினைவில்லை. அவன் தோளைப் பற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். ஆனால் அன்றிரவு பேச்சாளர் தந்த மதிப்பீட்டுப் பாரத்தில் 'மிக நன்று' என்று நான் குறியிட்டது நன்றாக நினைவிருக்கிறது. எல்லாரும் அழுதார்கள், எல்லாரும் பாராட்டினார்கள், வேறு எதைக் குறிப்பது என்று தோன்றவில்லை.

அந்த மாணவனின் சிக்கல் பின்னம். பகுதி எண்கள் வேறுபட்டால் கூட்டத் தெரியாது. நான்காம் ஆண்டில், தாயார் மருத்துவமனையில் இருந்த மாதங்களில், அவன் பள்ளிக்கு வராத நாள்களில் போன பாடம் அது. அடுத்த மூன்று வாரம் ஓய்வு நேரத்துக்குப் பின் இருபது நிமிடம் அவனோடு உட்கார்ந்தேன். முதல் வாரம் காகிதத்தை மடித்து மடித்துக் காட்டினேன். மூன்றாம் வாரம் அவனே பக்கத்தில் இருந்தவனுக்கு மடித்துக் காட்டினான். இதற்குச் செலவு, ஒரு கட்டு வண்ணத்தாள்.

யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. முகாம்கள் நீங்கவில்லை. இப்போது 'ஆளுமை வளர்ச்சி' என்று பெயர். இவ்வாண்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் அதற்குப் பணம் ஒதுக்க எண்ணுகிறது. ஆசிரியர்களுக்கு நடத்தும் பணியிடைப் பயிற்சிகளிலும் ஒரு தன்முனைப்பு உரை நுழைந்துவிடுகிறது. புதிய கற்பித்தல் முறையைக் கேட்டுவிட்டு வரும் ஆசிரியர், வகுப்பறையில் உடனிருந்து வழிகாட்ட ஒருவர் இல்லாவிட்டால் அதைப் பெரும்பாலும் கைவிட்டுவிடுவார் என்பதை ப்ரூஸ் ஜாய்சும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். நம்மில் யாருக்கு இது அனுபவத்தில் தெரியாது?

பேச்சாளர்கள் எல்லாரும் வேண்டாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. களைத்துப்போன மனிதரை ஒரு மணி நேரம் சிரிக்க வைப்பதும் ஒரு தொண்டுதான். அதற்கு அந்தப் பெயரைச் சொல்லியே அழைக்கலாம். ஆனால் பிள்ளையின் பின்னத்துக்கும், தொழிலாளியின் புரியாத வேலைக்குறிப்புக்கும் அது மருந்தென்று விற்கப்படும்போது வாங்குபவர்கள் நாம்தான். பெற்றோர்களே, கூட்டத்தில் 'பேச்சாளர் நன்றாக அழ வைப்பாரா?' என்று கேட்காதீர்கள். சென்ற ஆண்டு ஒருவர் உண்மையாகவே அப்படிக் கேட்டார். எந்தப் பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று எங்களைக் கேளுங்கள். பேச்சாளரிடம், மறுபடியும் எப்போது வருவீர்கள் என்று கேளுங்கள்.

சங்கத்துக்கு நான் கொடுத்திருக்கும் மாற்றுத் திட்டம் ஒரு பக்கந்தான். அதே பணத்தில் மூன்று முன்னாள் மாணவர்களை, இப்போது பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களை, பத்துச் சனிக்கிழமைகளுக்கு வரவழைப்பது, ஒருவருக்கு ஆறு பிள்ளைகள், வாசிப்பும் கணிதமும். பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் அணியமாக இருக்கிறது. பொருளாளர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. முகாம் என்றால் புகைப்படம் எடுத்து ஆண்டறிக்கையில் போடலாம், இதில் எதைப் போடுவது என்கிறார். கூட்டம் வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில். நம் பள்ளிப் பெற்றோர்கள் தவறாமல் வாருங்கள்.