மூடி மறைக்கும் நோயும் முற்றத்தில் வைக்கும் பழியும்

பெண்பிள்ளை பெரியவளானால் மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அச்சிட்டு ஊருக்கெல்லாம் அறிவிப்பவர்கள் நாம். அதே பிள்ளைக்கு நான்கைந்து ஆண்டுகளின் பின் மாதவிடாய் மூன்று மாதம் வராதுவிட்டால், அதை அயலவர் அறியாமல் மறைப்பவர்களும் நாமே. கலியாணம் குழம்பிவிடும் என்ற பயம். சட்டனில் நாம் அறிந்த வீடுகளிலும் இதுவே நிலை. கலியாணமாகி ஈராண்டில் பிள்ளை இல்லையென்றால் பழி முழுவதும் அவள் தலையில் விழுகின்றது.

பி.சி.ஓ.எஸ். என்று வைத்தியர்கள் சுருக்கமாகக் கூறும் இச்சூலகக் கோளாறு அரிதானதன்று. எமக்கு அண்மையில், ரூட்டிங் சென் ஜோர்ஜ் வைத்தியசாலையைச் சார்ந்த ஆய்வாளர்கள் தென் இலண்டனில் வாழும் இந்திய உபகண்டப் பெண்களை ஸ்கான் செய்து 1998 இல் வெளியிட்ட ஆய்வில், 52 சதவீதமானோரின் சூலகங்களில் பல சிறு பைகள் காணப்பட்டன. பைகள் உள்ள எல்லோரும் நோயாளர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். இலங்கையின் கம்பகா மாவட்டத்தில் நடந்து 2008 இல் வெளியான ஆய்வு, 15 முதல் 39 வயது வரையான பெண்களில் 6.3 சதவீதத்தினருக்கு இந்நோய் இருந்ததாகக் கூறியது.

இந்நோயுள்ள பெண்கள் பலரில் இன்சுலின் சரிவரத் தொழிற்படுவதில்லை. ஆகவே உடல் அதனை மேலும் மேலும் சுரக்கின்றது. மிகுதியான இன்சுலின் சூலகத்தில் ஆண் ஓமோன்களைக் கூட்ட, முட்டை முதிர்ந்து வெளிவருவது தடைப்படுகின்றது. நீரிழிவுக்கு வழி திறப்பதும் இதுவே. அதனாற்றான் உணவைப் பற்றிய பேச்சு எழுகின்றது.

ஆனால் எம்மவர் செய்வதென்ன? வீட்டார் எல்லோரும் குவித்த வெள்ளைச் சோறும் றோல்சும் உண்ண, அவளுக்கு மட்டும் ஒரு கோப்பை ஓட்ஸ்! இது வைத்தியமல்ல, தண்டனை. குரக்கன் பிட்டும், பருப்பும், மீனும், கீரையும், அளவாகச் சிவப்பரிசிச் சோறும் முழுக் குடும்பத்துக்கும் உரியவை. தேநீரில் சீனியைக் குறைப்பதால் மாமனாருக்கும் நன்மையே. எடை கூடியவர்கள் 5 சதவீதம் குறைத்தாலே, அதாவது 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே, மாதவிடாய் சீராகத் தொடங்கலாம். மெலிந்தவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. அவர்களைப் பட்டினி போடுவது மடைமை. விசேட மாவும் மூலிகைத் தூளும் விற்போரை நம்பவேண்டாம். எந்தவொரு உணவுமுறையும் ஏனையவற்றை விஞ்சியதென நிறுவப்படவில்லை என்றே 2023 இல் வெளியான சர்வதேச வழிகாட்டியும் கூறுகின்றது. கடையில் நாள் முழுதும் நிற்பதை உடற்பயிற்சி என எண்ணுவோரும் உளர். நொன்சச் பூங்காவில் வேகமாக நடப்பதற்குக் காசு தேவையில்லை. கணவனும் கூட நடக்கலாம்.

உணவு மட்டும் எல்லோருக்கும் போதாது. முட்டை வெளிவரச் செய்யும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் உண்டு. இந்நோயுள்ள பெண்கள் பலர் தாயாகியுள்ளனர். மாதவிடாய் ஒழுங்கற்றவர்கள் ஓராண்டு காத்திராமல் குடும்ப வைத்தியரை நாடுவது நன்று. கணவனின் விந்தும் பரிசோதிக்கப்பட வேண்டும். இதற்கு மறுக்கும் ஆண்களின் வீட்டார் மருமகளைக் குறைகூற உரிமையற்றவர்கள்.

ஆங்கிலம் போதாதென்று பள்ளி செல்லும் மகனை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லும் தாய்மாரையும் காண்கின்றோம். இவ்விடயத்தை அவன் முன் எப்படிப் பேசுவது? வைத்தியரிடம் நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பெண் ஒருவரே வேண்டும் என்றும் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.