புளியங்கொட்டையும் உலக வரைபடமும்

 

போன வாரம் பேரன் லீவுக்கு வந்திருந்தான். ஆறாம் வகுப்பு. "உலகத்துலயே பெரிய நாடு ரஷ்யா, பாட்டி" என்று ஒப்பித்தான். எதில் பெரிசு என்று கேட்டேன். முழித்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 34 வருஷம் நானும் அப்படித்தானே நடத்தினேன்? வரைபடத்தை ஆணியில் மாட்டி, பிரம்பால் தொட்டுக் காட்டி, மணி அடித்ததும் சுருட்டி வைத்துவிடுவேன். அதில் தெரிந்தது நிலம் மட்டும்தான். மனுஷர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நான் காட்டவே இல்லை.

அன்று சாயங்காலம் முற்றத்தில் சாக்பீஸால் உலகப் படம் வரைந்தோம். ஒரு கோடி பேருக்கு ஒரு புளியங்கொட்டை என்று கணக்கு. ரஷ்யாவுக்கு 14. அதிலும் 11 யூரல் மலைக்கு மேற்கே; கிழக்கே அவ்வளவு பெரிய நிலத்துக்கு மூன்றே மூன்று. கனடாவுக்கு 4. ஆஸ்திரேலியாவுக்கு 3 கூட வரவில்லை. எகிப்தின் 11 கொட்டையும் நைல் ஆற்றை ஒட்டி ஒரே வரிசை. கிரீன்லாந்தில் சுமார் 56,000 பேர்தான், கொட்டை கிடையாது. "அங்க யாருமே இல்லையா?" என்றான். பாவம் என்று ஒரு கடுகு வைத்தோம்.

அப்புறம் வங்கதேசம். நம் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. நமக்கு 7 கொட்டை, அவர்களுக்கு 17! கோட்டுக்குள் அடங்காமல் வங்காள விரிகுடாவுக்குள் உருண்டன. "ரஷ்யாவைவிட அதிகமா?" என்று மறுபடி எண்ணிப் பார்த்தான். இந்தியாவுக்கு 140க்கு மேல் வேண்டும். அதற்குள் என் டப்பா காலி.

"ஏன் பாட்டி எல்லாரும் அங்கயே நெருக்கிக்கிட்டு இருக்காங்க?" என்று கேட்டான் பாருங்கள், அதுதான் புவியியல். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல், வருஷத்துக்கு இரண்டு மூன்று போகம் நெல். நம் தஞ்சாவூர் டெல்டா மாதிரிதான், பல மடங்கு பெரிசாக. சோறு விளைகிற இடத்தில் சனம் சேர்ந்தது. சைபீரியாவில் பாதி நிலம் உறைந்தே கிடக்கிறது.

என் வகுப்பில் இந்தக் கேள்வி வந்ததே இல்லை. படத்தைக் காட்டாமலே 'மக்கள்தொகைப் பெருக்கத்தின் தீமைகள்' என்று வருஷாவருஷம் கட்டுரை எழுத வைத்தேன். ஒரு பெண், வீட்டில் ஐந்தாவது பிள்ளை. 'அதிகக் குழந்தைகள் நாட்டுக்குப் பாரம்' என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள். பத்துக்கு 9 போட்டேன். தலை நிமிராமல் நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். அது எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆயிற்று.

பிறப்பு விகிதம் பாடத்தில் வேண்டாம் என்று சொல்லவில்லை. வங்கதேசத்திலேயே 1970களில் தாய்க்கு ஆறு பிள்ளைக்கு மேல். இன்று இரண்டை ஒட்டித்தான். அதையும் சொல்லுங்கள். ஆனால் தீமைப் பட்டியலில் தொடங்காதீர்கள். சுவரில் நில வரைபடத்துக்குப் பக்கத்திலேயே மக்கள்தொகை வரைபடமும் தொங்கட்டும். பாடம் அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் ஒரு பீரியட் ஒதுக்கிச் செய்து பாருங்கள். கொட்டையைக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வந்துவிடும்.

அந்த ஐந்தாவது பெண் இதைப் படித்தால், டீச்சருக்கு ஒரு போன் போடும்மா.